விசுவாச அறிக்கையில் ஒரு நீதிபதியின் பெயர்

பல தேவாலயங்களில் ஞாயிறுதோறும் சபையார் எழுந்து நின்று ஒரே குரலில் ஓர் அறிக்கையைச் சொல்கிறார்கள். விசுவாச அறிக்கை என்று அதற்குப் பெயர். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், லூத்தரன், மெதடிஸ்ட் எனப் பிரிவுகள் பலவாக இருந்தாலும் அறிக்கையின் சாரம் ஒன்றே. அதில் இயேசுவின் பெயரைத் தவிர்த்துப் பார்த்தால் இரண்டே இரண்டு மனிதர்களின் பெயர்கள்தாம் இடம்பெறுகின்றன. ஒன்று, அவரை ஈன்ற மரியாள். இன்னொன்று, பொந்தியு பிலாத்து.

தாயின் பெயர் இருப்பது இயல்பு. ஆனால் தலைமைச் சீடரான பேதுருவுக்குக் கிடைக்காத இடம், ஊர் ஊராகச் சென்று சபைகளை வளர்த்த பவுலுக்குக் கிடைக்காத இடம், ஒரு ரோமானிய ஆளுநருக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும், குற்றமற்றவர் என்று தெரிந்தே ஒருவரை மரணத்திற்கு ஒப்புக்கொடுத்த ஆளுநருக்கு. 381-ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புடைய அறிக்கையிலேயே அந்தப் பெயர் உண்டு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை யாரும் நீக்கவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், பொய்க் குற்றச்சாட்டைப் பற்றியும் ஆட்சியாளர் முன் நடக்கும் அநீதியான விசாரணையைப் பற்றியும் கிறிஸ்தவம் என்ன நினைக்கிறது என்பது விளங்கும். அந்த நினைவைக் கிறிஸ்தவர்களே எந்த அளவுக்குக் காப்பாற்றினார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்பதும் விளங்கும்.

படிக்கட்டில் கிடைத்த கல்

முதல் காரணம் எளிமையானது. நடந்தது கட்டுக்கதை அல்ல, இன்ன ஆட்சியில் இன்னார் முன்னிலையில் நடந்தது என்று சொல்வதற்கு அந்தப் பெயர் ஓர் அடையாளம். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கிறிஸ்தவர்கள்மேல் சற்றும் பரிவு இல்லாதவர். அவரும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதும்போது, திபேரியு பேரரசரின் காலத்தில் பிலாத்துவால் கிறிஸ்து மரண தண்டனை பெற்றதைக் குறிப்பிடுகிறார்.

1961-ஆம் ஆண்டு இத்தாலிய அகழ்வாராய்ச்சியாளர்கள் மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள செசரியா நகரின் பழைய நாடக அரங்கில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் யாரோ அதைப் படிக்கட்டுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் லத்தீன் எழுத்துகளில் பிலாத்துவின் பெயரும் பதவியும் பொறிக்கப்பட்டிருந்தன. இப்போது அது ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இயேசு நோய் வந்தோ, கொள்ளையர் கையிலோ, போர்க்களத்திலோ இறக்கவில்லை. முறையாகக் கைது செய்யப்பட்டு, சாட்சி விசாரிக்கப்பட்டு, ஆளுநரின் உத்தரவின்படி தண்டிக்கப்பட்டார். சட்டத்தின் பெயரால் நடந்த கொலை அது. கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுமையத்தில் ஒரு நீதிமன்ற வழக்கு இருக்கிறது. அதனால்தான் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னவரின் பெயர் அறிக்கையிலும் நிலைத்துவிட்டது.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம்

பொய் வழக்கைப் பற்றிய எச்சரிக்கை இயேசுவுக்கு முன்பே எபிரேய மறைநூலில் உண்டு. மோசேயின் சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. ஒரே ஒரு சாட்சியின் பேச்சை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும். சாட்சி பொய் சொன்னது தெரியவந்தால், எதிராளிக்கு அவன் என்ன தண்டனை வாங்கித் தர நினைத்தானோ அதே தண்டனை அவனுக்குத் தரப்பட வேண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நாபோத் என்ற குடியானவருக்கு என்ன நடந்தது? அவருடைய திராட்சைத் தோட்டம் ஆகாப் அரசரின் அரண்மனைக்கு அருகே இருந்தது. அரசர் அதை விலைக்குக் கேட்டார். பாட்டன் பூட்டன் சொத்தைத் தர முடியாது என்றார் நாபோத். அரசி யேசபேல் அரச முத்திரையிட்ட கடிதங்களை ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினார். இரண்டு அயோக்கியர்களைப் பிடித்துவந்து சாட்சி சொல்ல வைத்தார்கள். நாபோத் கடவுளையும் அரசரையும் சபித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டார். தோட்டம் அரசருக்குப் போனது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இரண்டு சாட்சிகள் வேண்டும் என்ற விதி இங்கே மீறப்படவில்லை. விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றித்தான் நாபோத்தைக் கொன்றார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. எலியா தீர்க்கதரிசி அரசரை அந்தத் தோட்டத்திலேயே சந்தித்து, கொலை செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார். ஊர் மன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டாலும் அதற்கு மேல் ஒரு மன்றம் இருக்கிறது என்பதே அந்தக் கதையின் சாரம். இந்த எண்ணத்தைத்தான் கிறிஸ்தவர்கள் பிற்காலத்தில் முழுமையாகச் சுவீகரித்துக்கொண்டார்கள்.

வாசல் மாறியது, குற்றச்சாட்டும் மாறியது

இயேசுவின் வழக்கு இரண்டு வாசல்களைக் கண்டது. முதல் வாசல், தலைமைக் குரு காய்பாவின் வீடு. அங்கே பலர் சாட்சி சொன்னார்கள். அவர்களுடைய சாட்சியங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை என்கிறது மாற்கு எழுதிய நற்செய்தி. கோயிலை இடித்துவிடுவேன் என்று அவர் சொன்னதாகச் சிலர் கூறினார்கள். அதிலும் முரண்பாடு. கடைசியில் தலைமைக் குரு நேரடியாக ஒரு கேள்வியைக் கேட்டார். வந்த பதிலை வைத்து, கடவுளைப் பழித்த குற்றம் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டாவது வாசல், ஆளுநரின் மாளிகை. யூதர்களின் சமயத் தகராறு ரோமானிய ஆளுநருக்கு ஒரு பொருட்டே அல்ல. எனவே அங்கே குற்றச்சாட்டு வேறு உடை போட்டுக்கொண்டு வந்தது. லூக்கா எழுதிய நற்செய்தி மூன்று புகார்களைப் பட்டியலிடுகிறது. மக்களைக் கலகத்திற்குத் தூண்டுகிறார், பேரரசருக்கு வரி கட்டுவதைத் தடுக்கிறார், தம்மை அரசர் என்று சொல்லிக்கொள்கிறார். இரவில் சமயக் குற்றமாக இருந்தது காலையில் அரச துரோகமாகிவிட்டது. வரி பற்றிய புகார் அப்பட்டமான பொய். ஏனென்றால் அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், பேரரசருக்கு உரியதை அவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று இயேசு எல்லாரும் கேட்கச் சொல்லியிருந்ததாக அதே லூக்கா எழுதுகிறார்.

பிலாத்துவுக்கு உண்மை தெரியாமல் இல்லை. இவரிடம் குற்றம் ஒன்றும் காணவில்லை என்று மூன்று முறை சொல்கிறார். பொறுப்பைத் தட்டிக்கழிக்க, கலிலேயாவை ஆண்ட ஏரோதுவிடம் அனுப்பிப் பார்க்கிறார். அங்கிருந்து வழக்கு திரும்பி வருகிறது. பிறகு, சாட்டையால் அடித்து விட்டுவிடுகிறேன் என்று பேரம் பேசுகிறார். குற்றமில்லாத மனிதரை எதற்காக அடிக்க வேண்டும்? அந்த ஒரு வாக்கியத்திலேயே நீதி தவறிவிட்டது. இவரை விடுவித்தால் நீர் பேரரசரின் நண்பர் அல்லர் என்று கூட்டம் மிரட்டியதும் ஆளுநர் பணிந்துவிட்டார். நீதிக்கும் நாற்காலிக்கும் இடையே அவர் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார்.

அதன் பிறகு எல்லார் முன்னிலையிலும் தண்ணீர் எடுத்துக் கை கழுவினார் என்று மத்தேயு எழுதுகிறார். சிலப்பதிகாரத்தில் தம் தீர்ப்பு தவறு என்று தெரிந்த கணமே உயிரை விட்ட பாண்டியனை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு, தவறு என்று தெரிந்தும் கை கழுவிவிட்டுப் போன இந்த ஆளுநரின் குணம் சட்டென்று விளங்கும்.

வரலாறு ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து சமாரியர்கள்மேல் படையை ஏவி உயிர்ப்பலி வாங்கியதற்காக அதே பிலாத்துவின்மேல் புகார் எழுந்தது. சிரியாவின் ஆளுநர் விட்டெல்லியு அவரைப் பதவியிலிருந்து இறக்கி, பேரரசர் முன்னால் பதில் சொல்லும்படி ரோமாபுரிக்கு அனுப்பினார். அவர் போய்ச் சேர்வதற்குள் திபேரியு இறந்துவிட்டார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் எழுதுகிறார்.

மௌனமும் வாதமும்

பிலாத்து முன்னால் இயேசு பெரும்பாலும் மௌனமாக நின்றார். ஆளுநரே வியந்துபோகும் அளவுக்கு அந்த மௌனம் இருந்தது. பொய்ப் பழிக்கு முன்னால் வாய் மூடி இருப்பதுதான் கிறிஸ்தவம் சொல்லும் வழியா? அப்படிச் சொல்லிவிட முடியாது. விசாரணையின்போது காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியதில் தவறு இருந்தால் எடுத்துக்காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்ற பொருளில் அவர் கேட்டதாக யோவான் எழுதியிருக்கிறார். நியாயத்தைக் கேட்கும் குரல் அது.

பவுலின் வழக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. கி.பி. 57 வாக்கில் ஜெருசலேம் கோயிலில் அவரைப் பிடித்தார்கள். யூதர் அல்லாத ஒருவரைக் கோயிலின் உட்பகுதிக்குள் அழைத்துச் சென்றார் என்பது புகார். அது சாதாரண விஷயமல்ல. அந்நியர் தடுப்பைத் தாண்டினால் அவருடைய மரணத்துக்கு அவரே பொறுப்பு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் பவுல் அப்படிச் செய்தாரா? எபேசு நகரத்தைச் சேர்ந்த துரோப்பீமு என்பவரை அவரோடு ஊருக்குள் பார்த்திருந்தார்கள். கோயிலுக்குள்ளும் கூட்டிப் போயிருப்பார் என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். ஊகம் பிராதாகிவிட்டது.

பவுல் மௌனம் காக்கவில்லை. சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தாம் ரோமானியக் குடிமகன் என்பதைச் சொல்லித் தடுத்தார். செசரியாவில் ஆளுநர் பேலிக்ஸ் முன்னால் எதிர்த்தரப்பு தெர்த்துல்லு என்ற வழக்கறிஞரைக் கொண்டுவந்தது. அவர் ஆளுநரைப் புகழ்ந்துவிட்டுத்தான் வழக்குக்கே வந்தார். பவுலின் பதில் சட்ட நுணுக்கம் நிறைந்தது. முதலில் கூச்சல் போட்டவர்கள் ஆசியா மாகாணத்து யூதர்கள், அவர்களல்லவா இங்கே வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

பேலிக்ஸ் தீர்ப்பே சொல்லவில்லை. கைதி பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்து, அடிக்கடி கூப்பிட்டுப் பேசி, இரண்டு ஆண்டுகள் சிறையிலேயே வைத்திருந்தார். அடுத்து வந்த பெஸ்து வழக்கை ஜெருசலேமுக்கு மாற்றலாமா என்று கேட்டதும், பவுல் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். அதன் பிறகு பெஸ்துவுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் ஏற்பட்டது. பேரரசருக்குக் கைதியை அனுப்ப வேண்டும், ஆனால் குற்றம் என்னவென்று எழுதுவது? அகிரிப்பா அரசரை வைத்து மறுபடியும் விசாரித்தார். மேல்முறையீடு செய்யாமல் இருந்தால் இவரை விடுதலை செய்திருக்கலாம் என்றார் அரசர். எல்லாரும் குற்றமற்றவர் என்கிறார்கள், ஆனாலும் விலங்கு அவிழவில்லை.

ஆகவே ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு முன்னால் இரண்டு மாதிரிகள் இருந்தன. தீர்ப்பு முன்கூட்டியே முடிவாகிவிட்ட இடத்தில் மௌனம். சட்டத்திற்குச் சிறிதளவாவது மதிப்பிருக்கும் இடத்தில் வாதம். இரண்டிலும் பொதுவாக இருந்தது ஒன்று உண்டு. பொய்க்குப் பொய்யைப் பதிலாகத் தரவில்லை, பழிக்குப் பழி வாங்கவும் இல்லை. நியாயமாகத் தீர்ப்புச் சொல்லும் கடவுளிடம் வழக்கை ஒப்படைத்தார்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கையையும் அவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். பிலாத்துவின் தீர்ப்பை மேல் மன்றம் ரத்துசெய்துவிட்டது என்பது அதன் பொருள்.

அவர்களுடைய சொற்களிலும் நீதிமன்ற வாடை உண்டு. சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்கு எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்று பொருள். தூய ஆவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் பரிந்து பேசுபவரைக் குறிப்பது. நம்பிக்கைக்காக உயிர் விட்டவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப் பொருள் சாட்சி. தமிழிலும் அவர்களை வேதசாட்சி என்றும் இரத்தசாட்சி என்றும்தான் சொல்கிறோம். கூண்டில் நிற்பவர் குற்றவாளி அல்லர், அவர்தான் உண்மையின் சாட்சி என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பெயரே குற்றமானது

இரண்டாம் நூற்றாண்டில் நிலைமை இன்னும் விநோதமானது. கி.பி. 111 முதல் 113 வரையிலான காலத்தில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் பிளினி என்பவர் ஆளுநராக இருந்தார். படித்தவர், பண்பாளர். கிறிஸ்தவர்கள் என்று பெயர் எழுதிய மொட்டைக் கடிதம் ஒன்று அவருக்கு வந்தது. மறுத்துப் பேரரசரின் சிலைக்குத் தூபமும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தவர்களை விட்டுவிட்டார். ஒப்புக்கொண்டு உறுதியாக நின்றவர்களைக் கொன்றார்.

அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று அறிய, சபைப் பணி செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அளவுகடந்த மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் தென்படவில்லை என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள், சாதாரண உணவைச் சேர்ந்து உண்கிறார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த தகவல். அந்த இரண்டு பெண்களின் பெயர் அவருடைய கடிதத்தில் இல்லை.

டிராஜனின் பதில் சுருக்கமானது. தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதங்களை ஏற்க வேண்டாம், ஆனால் முறையாகப் புகார் வந்து உறுதியானால் தண்டிக்க வேண்டும். மொட்டைக் கடிதத்தை மறுத்தது நல்ல விதிதான். ஆனால் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197-ஆம் ஆண்டு இந்த உத்தரவின் முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டார். தேடக் கூடாது என்றால் நிரபராதி என்று பொருள், தண்டிக்க வேண்டும் என்றால் குற்றவாளி என்று பொருள், இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்பது அவருடைய வாதம். மற்றக் குற்றவாளிகள் இல்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வைக்க வதைக்கிறீர்கள், எங்களையோ இல்லை என்று சொல்ல வைக்க வதைக்கிறீர்கள் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். செயலை விசாரிக்காமல் பெயரை மட்டும் விசாரிப்பது நீதி அல்ல என்பதே அதன் சாரம்.

அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தப்பட்ட பழிகளில் மிகக் கொடியது, இரகசியக் கூட்டங்களில் குழந்தைகளைக் கொன்று தின்கிறார்கள் என்பது. 177-ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் நடந்த விசாரணையில், வதைக்குப் பயந்த வேலைக்கார அடிமைகள் இதை உண்மை என்று சாட்சி சொன்னார்கள். பிப்லிஸ் என்ற பெண் முதலில் பயந்து தம் நம்பிக்கையை மறுத்திருந்தார். இந்தப் பழியை அவர் வாயாலேயே சொல்ல வைக்க மறுபடியும் வதைத்தார்கள். அப்போது அவருக்குத் தெளிவு வந்தது. மிருகங்களின் இரத்தத்தையே சாப்பிடக் கூடாது என்று இருப்பவர்கள் பிள்ளைகளை எப்படித் தின்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். அதன் பிறகு அவரும் வேதசாட்சிகளின் வரிசையில் சேர்ந்தார்.

நாற்காலி மாறியபோது

313-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்தது. நான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களே ஆட்சி நாற்காலியிலும் அமர்ந்துவிட்டார்கள். கூண்டில் நின்றவர்கள் நீதிபதியானால் நீதி தழைத்திருக்க வேண்டும் அல்லவா?

385-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது வேறு. ஸ்பெயின் நாட்டு ஆயர் பிரிசிலியன் தவறான கொள்கையைப் பரப்புகிறார் என்று மற்ற ஆயர்கள் குற்றம் சாட்டினார்கள். பேரரசர் மாக்சிமஸின் நீதிமன்றத்தில், திரியர் நகரில், அது சூனியக் குற்றமாக மாறியது. அவர் கொல்லப்பட்டார். வாசல் மாறினால் குற்றச்சாட்டு மாறும் என்ற பழைய கதை, இம்முறை கிறிஸ்தவர்கள் கையாலேயே அரங்கேறியது. ஆனால் எல்லாரும் வாய் மூடி இருக்கவில்லை. தூர் நகரத்து ஆயர் மார்ட்டின், இரத்தம் சிந்தக் கூடாது என்று பேரரசரிடம் மன்றாடினார். வழக்குத் தொடுத்த ஆயர்களோடு உறவு வைக்க மிலான் ஆயர் அம்புரோஸ் மறுத்தார்.

இன்னொரு வழக்கு உலகறிந்தது. 1431-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பிரான்சின் ருவான் நகரச் சந்தையில் ஜோன் ஆஃப் ஆர்க் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருக்கு வயது ஏறக்குறைய 19. அவருடைய துணையால்தான் 1429-இல் ஏழாம் சார்லஸ் முடிசூடினார். அந்த முடியின் மதிப்பைக் குலைக்க வேண்டுமானால், துணை செய்த பெண் சமயத் துரோகி என்று நிரூபிக்க வேண்டும். இயேசுவின் வழக்கில் சமயக் குற்றம் அரசியல் குற்றமாகியது. ஜோனின் வழக்கில் அரசியல் பகை சமயக் குற்றமாகியது. ஆயர் பியேர் கோஷோன் தலைமை தாங்கினார். திருச்சபையின் சிறையில் பெண்களின் பாதுகாப்பில் வைக்க வேண்டியவரை, ஆங்கிலேயச் சிப்பாய்களின் காவலில் வைத்தார்கள். போப்பாண்டவரிடம் முறையிட வேண்டும் என்று அவர் கேட்டதையும் தள்ளிவிட்டார்கள்.

ஆனால் அவருடைய தாய் இசபெல் விடவில்லை. 1455 நவம்பரில் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்திற்கு வந்து, தம் மகளின் வழக்கை மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று போப்பின் பிரதிநிதிகள் முன்னால் மனுக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். 1456 ஜூலை 7-இல் முந்தைய விசாரணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஏழாம் சார்லஸுக்கும் அந்தத் தீர்ப்பால் ஆதாயம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எரிந்துபோன மகளுக்காக 24 ஆண்டுகள் கழித்து ஒரு தாய் நீதி கேட்டார், தவறு நடந்தது என்று திருச்சபையின் மன்றமே சொன்னது. 1920-இல் ஜோன் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

திரும்பி வந்த பழி

இவற்றையெல்லாம்விட வேதனையான அத்தியாயம் ஒன்று உண்டு. இயேசுவின் வழக்கைச் சொல்லும்போதே, அதன் பழியை ஒரு முழு இனத்தின்மேல் கிறிஸ்தவர்கள் சுமத்தினார்கள். ஜெருசலேமில் சில தலைவர்களும் ஒரு கூட்டமும் செய்ததற்கு, எல்லாக் காலத்து யூதர்களும் குற்றவாளிகள் என்றார்கள். தண்டனை விதித்தது ரோமானிய ஆளுநர், இயேசுவும் மரியாளும் சீடர்களும் யூதர்களே என்பதையெல்லாம் வசதியாக மறந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1144-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் வில்லியம் என்ற சிறுவன் இறந்துகிடந்தான். யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்ற கதை பிறகு கட்டப்பட்டது. லியோனில் எந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் சுமந்தார்களோ, கிட்டத்தட்ட அதே பழியை இப்போது கிறிஸ்தவர்கள் மற்றவர்மேல் வீசினார்கள். 1247-இல் போப் நான்காம் இன்னொசென்ட் இதை எதிர்த்து எழுதியும் பயனில்லை. 1475-இல் இத்தாலியின் திரெண்டோ நகரில் சைமன் என்ற குழந்தை இறந்தபோது, யூத ஆண்களைப் பிடித்து வதைத்து, ஒப்புதல் வாங்கி, கொன்றார்கள். அந்தக் குழந்தைக்கு வேதசாட்சி என்ற பெயரில் வழிபாடும் நடந்துவந்தது.

அந்த வழக்கு மறுபடியும் ஆராயப்பட்டு, 1965-இல் வழிபாடு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்கள்மேலும் போட முடியாது, இன்றைய யூதர்கள்மேலும் போட முடியாது என்று அது தெளிவுபடுத்தியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பல உயிர்களைக் குடித்த ஒரு பொய்க் குற்றச்சாட்டு கத்தோலிக்கத் திருச்சபையின் சங்கத்தாலேயே அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டது. மிகத் தாமதம்தான். ஆனால் காய்பாவின் வீட்டில் நடந்தது தவறு என்று நம்புகிறவர்கள் திரெண்டோவில் நடந்ததைச் சரி என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

விசுவாச அறிக்கையில் பிலாத்துவின் பெயர் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு இப்போது திரும்பலாம். அந்த அறிக்கை அவரைச் சபிக்கவில்லை, ஏசவில்லை. அவருடைய ஆட்சியில் இது நடந்தது என்று மட்டும் சொல்கிறது. ஆளுநர் சொல்லிவிட்டதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை என்பதை ஒவ்வொரு வாரமும் அது நினைவூட்டுகிறது.

அந்த நினைவூட்டல் கூண்டில் நிற்கும் நிரபராதிக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அது அவருக்கு மட்டும் உரியதல்ல. சாட்சி சொல்லப் போகிறவருக்கும், கூட்டத்தில் நின்று கூச்சல் போடுகிறவருக்கும், தீர்ப்பு எழுதப் பேனாவை எடுக்கிறவருக்கும் உரியது. பிலாத்து கையைக் கழுவினார். இருபது நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன, அவர் பெயர் அந்த வழக்கிலிருந்து இன்னும் கழுவப்படவில்லை.